எதிர்வெயிலில் தெரியும் உன் கைவேலை

அன்புள்ள செல்வம் என்று தொடங்கத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன். அன்பு இருக்கிறது, அதில் குறைவில்லை. ஆனால் அதை முதல் வரியில் வைக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. நம் குடும்பக் குரூப்பில், சித்தப்பா, சித்தி, அத்தை, மாமா என்று அத்தனை பேர் கண்ணிலும் படும்படி, "அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியல, இனிமே வண்டி ஓட்ட விடப்போறதில்ல" என்று நீ எழுதிப் போட்டாய். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகளும் அழுகிற முகங்களும் வந்து விழுந்தன. அதனால் பதிலையும் அங்கேயே போடுகிறேன். தனியாக அனுப்பினால் "அப்புறமாப் படிக்கேம்மா" என்பாய். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். இங்கே போட்டால் நீ படிக்காவிட்டாலும் உன் பெண்டாட்டி நித்யா படிப்பாள். மம்சாபுரத்தில் இருக்கும் உன் சித்தப்பா படித்துவிட்டு ஊருக்கே சொல்லுவார். அந்த வேலை அவருக்கு நன்றாக வரும்.

கோயம்புத்தூருக்குக் குடிபோய் இன்னும் பால் காய்ச்சிய பாத்திரம்கூடக் காய்ந்திருக்காது, அதற்குள் என் வண்டிக்கு ஆள் பிடித்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை நீயும் வருகிறாயாம், வாங்குகிறவரும் வீட்டுக்கு வருகிறாராம், ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைக்க வேண்டுமாம். நான் ரிட்டயர் ஆனபோது என் பணத்தில் வாங்கிய கார் அது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் நர்ஸாக நின்று வெரிகோஸ் நரம்பு புடைத்த இந்தக் கால்கள் இனி பஸ்ஸுக்காக நிற்கக் கூடாது என்று வாங்கியது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்குக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிறேன். ஊசி போடுகிறேன், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். பச்சைப்பிள்ளைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் டாக்டர் என்னைத்தான் கூப்பிடுகிறார். ஒரே குத்தில் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தக் கண்ணைத்தான் நீ தெரியாத கண் என்று ஊருக்கு அறிவித்தாய்.

அன்று என்ன நடந்தது என்று நீ குரூப்பில் எழுதியது பாதி. மீதியை நான் எழுதுகிறேன். அது நீ சாமான் கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முந்தின நாள். "எம்மா, போறதுக்கு முந்தி ஒன் வண்டியப் புதுசு மாதிரி ஆக்கித் தந்துட்டுப் போறேன்" என்று காலையிலேயே வாசலில் வெயிலுக்குள் வண்டியை நிறுத்தினாய். ஆன்லைனில் வரவழைத்த பாட்டில்கள் என்ன, ஸ்பிரே என்ன, தேங்காய்ப்பூ மாதிரி மொசுமொசுவென்று ஒரு துண்டு என்ன. போனில் எவனோ துடைத்துக் காட்டுகிற வீடியோவை ஓட விட்டு, அவன் எந்தப் பக்கம் கையை ஆட்டினானோ அந்தப் பக்கமெல்லாம் நீயும் ஆட்டினாய். டேஷ்போர்டு எண்ணெய் தேய்த்த பயில்வான் முதுகு மாதிரி மின்னியது. தெருவில் போகிற நாலு பேர் நின்று பார்த்தார்கள். உனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் தாய் அல்லவா, நல்லா இருக்குய்யா என்று சொல்லித் தொலைத்தேன்.

மத்தியானம் உன் ஆபீஸ்காரர்களுக்குப் பால்கோவா வாங்க வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். உச்சி வெயில், சூரியன் தலைக்கு மேலே, ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. நம் ரோட்டின் குணம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இந்த ஊரில்தானே பிறந்தாய். ராஜபாளையத்திலிருந்து காலையில் புறப்பட்டுப் போகிறவனுக்கும் சூரியன் முகத்துக்கு நேரே, மாலையில் திரும்பி வருகிறவனுக்கும் முகத்துக்கு நேரே. மலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நின்று கண்ணாடி வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்குக்குப் பக்கத்தில் வந்தபோது கண்ணாடி முழுவதும் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. ரோடு இல்லை, மரம் இல்லை, எதிரே வருகிற லாரி இல்லை. நான் வேகத்தைக் குறைத்தேன். "ஏலே செல்வம், ஒண்ணுந் தெரியலலே, ஒரே வெள்ளையா இருக்கு" என்றேன். நீ குனிந்து போனில் எதையோ நோண்டிக்கொண்டே "சன்வைசரை எறக்கிக்கோம்மா" என்றாய். அதை இறக்கித்தான் இருந்தேன்.

அப்புறம் அந்த மாடு. அது எங்கிருந்தும் ஓடி வரவில்லை. நடுரோட்டில் சும்மா நின்றது. கிட்டே போன பிறகுதான் அந்த வெள்ளைக்குள் ஒரு கறுப்பு தெரிந்தது. பிரேக்கை மிதித்து இடப்பக்கம் ஒடித்தேன். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, நமக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் இருந்த மைல்கல்லில் வண்டியின் இடப்பக்கம் உரசி நின்றது. மாட்டுக்காரர் ஓடி வந்து, "என்னக்கா, இம்புட்டுப் பெரிய மாடு நிக்குது, தெரியலயா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் நீ இறங்கிப் போய் அவரிடம், "அவியளுக்கு வயசாயிட்டு, கண்ணு தெரியலண்ணே, மன்னிச்சிக்கிடுங்க" என்றாய். எனக்காக மன்னிப்புக் கேட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மாட்டுக்காரரிடம் நீ பேசிக்கொண்டிருந்தாய், உரசின இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாய், போனில் படம் எடுத்தாய், நித்யாவுக்கு அனுப்பினாய். இத்தனையும் முடிவதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பிறகு என்னை இடப்பக்கம் உட்கார வைத்து நீ ஓட்டினாய். "பாத்தியா, எனக்கு எல்லாம் தெளிவா தெரியுதே. கண்ணாடில ஒண்ணும் இல்ல. ஒன் கண்ணுலதான் பொரை விழுந்துருக்கு" என்றாய். வெயில் போன பிறகு யார் ஓட்டினாலும் தெரியும் செல்வம். அடுப்பை அணைத்த பிறகு பாத்திரத்தைத் தொட்டுவிட்டு, இது சுடவே இல்லை, உனக்குத்தான் தோல் கோளாறு என்று சொல்கிறவனை என்னவென்று சொல்வது? வீட்டுக்கு வந்ததும் சாவியை உன் பைக்குள் போட்டாய். அப்படியே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். துடைக்கத் தெரியாதவன் பெற்றவள் கண் கோணல் என்றான்.

அன்றிலிருந்து பஸ்ஸில் போகிறேன். அதைப் பெரிதாகச் சொல்லமாட்டேன், ஊரே பஸ்ஸில்தான் போகிறது. போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மம்சாபுரத்திலிருந்து ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊசி போட வேண்டும். நான் மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பினால் அவள் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு பின்னால் நகர்கிறாள். "வேற சிஸ்டர் இல்லியா? இவியளுக்குக் கண்ணு மங்கல்னு சொல்லுதாவளே" என்று கம்பவுண்டரிடம் கேட்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, என்னைத் தாண்டி அவரிடம் கேட்கிறாள். உன் சித்தப்பாவின் வாய் எம்புட்டு வேகம் பார். நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அன்று கட்டுத்துணி மடிக்கிற மேசைக்குப் பின்னால் நின்று அழுதேன் செல்வம். உன் அப்பா போன பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். டாக்டர் நல்ல மனுஷன், நேராக ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு தடவ கண்ணக் காட்டிட்டு வந்திருங்களேன் சிஸ்டர்" என்றார். அவர் அந்தத் தொனியில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மதுரைக்குப் போனேன். கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, மோவாயை ஏந்த வைத்து, உள்ளே வெளிச்சம் அடித்து, எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, எல்லாப் பரீட்சையும் எழுதினேன். அந்த டாக்டரம்மா உன் வயசுதான் இருப்பாள். "பொரை லேசா ஆரம்பிக்குதும்மா, இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதான். இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். பழைய கண்ணாடியே போதும்" என்றாள். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். "ஏன், யாரு ஓட்டக்கூடாதுன்னா?" என்று கேட்டாள். என் மகன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அப்படியென்றால் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டும். சாவிதான் உன்னிடம் இருக்கிறதே, வண்டியைத் திறந்து பார்க்க வழியில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நித்யா போன் செய்தாள். "அத்தை, ஒங்க பீரோல எங்க கல்யாணப் பட்டுக்கு அடியில வண்டிக்கு இன்னொரு சாவி கெடக்கும், பாருங்க. அவுககிட்ட நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன், நித்யா. மன்னித்துக்கொள். இந்த வீட்டில் புத்தியுள்ளவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியட்டும். மறுநாள் காலையில் வெயில் வாசலுக்கு வந்ததும் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டியின் மூக்கு கிழக்கே பார்த்து நிற்கிறது. பார்த்த உடனே தெரிந்துபோயிற்று. கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, உன் கை போன தடம். சின்ன வயசில் சிலேட்டை நீ எப்படி அழிப்பாயோ அதே மாதிரி. விரலால் ஒரு கோடு இழுத்தேன். விரல் வழுக்கியது, எண்ணெய்ப் பிசுக்கு. அந்த ஒரு கோட்டுக்குள் மட்டும் எதிர்வீட்டு வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது.

வெளிக்கண்ணாடியில் மழை விழும், தூசி விழும், காக்கை எச்சம் விழும், எல்லாம் கண்ணுக்குத் தெரியும், வைப்பர் தள்ளிவிடும். உள்ளே படிவது அப்படியில்லை. வெயிலில் நிற்கிற வண்டிக்குள் பிளாஸ்டிக் காய்ந்து ஆவி விடும், அது கண்ணாடியில் போய் ஒட்டும். நாம் விடுகிற மூச்சு ஒட்டும். டேஷ்போர்டில் வைக்கிற வாசனை டப்பா ஒட்டும். இதெல்லாம் பத்தாது என்று நீ டேஷ்போர்டில் பீய்ச்சினாயே அந்தப் பாலிஷ், அதில் பாதி டேஷ்போர்டுக்குப் போயிற்று, மீதி காற்றில் பறந்து கண்ணாடிக்குப் போயிற்று. பிறகு டேஷ்போர்டைத் துடைத்த அதே துண்டால் கண்ணாடியையும் துடைத்தாய். அந்தத் துண்டையும் நித்யா துணிக்கு ஊற்றுகிற வாசனைத் தண்ணீரில் முக்கி எடுத்திருந்தாய், மொசுமொசுவென்று இருக்கட்டும் என்று. அந்த மொசுமொசுப்புதான் பிசுக்கு. கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும். தெருவுக்குத் தெரிகிற இடமெல்லாம் பளபளப்பு, ஓட்டுகிறவள் பார்க்கிற இடத்தில் எண்ணெய்.

இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாதவள் இல்லை நான். உன் அப்பாவும் மினுக்குப் பிரியர்தான். அவர் வேன் வைத்திருந்த காலத்தில் ஆயுத பூஜை வந்தால் வெளியே சந்தனம் வைத்தது போதாது என்று உள்கண்ணாடியிலும் மூன்று விரலால் பட்டை இழுத்து நடுவில் குங்குமம் வைப்பார். எங்கே? சரியாக டிரைவர் கண்ணுக்கு நேரே. உள்ளேயே சூடம் வேறு. "சாமிக்கு வச்சத அழிக்கக் கூடாது" என்பார், அது தானாக உதிரும்வரை கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு ஓட்டுவார். நீ மடியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருப்பாய். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அவர் உயிரோடு இருந்தபோதும் இதையேதான் சொன்னேன், அதனால் குற்றமில்லை. சாமி கண் கொடுத்தது ரோட்டைப் பார்க்க.

உன் கல்யாணத்தன்று நடந்ததை நீ மறந்திருப்பாய், எனக்கு மறக்காது. தாலி கட்டி முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு வரும்போது, வண்டிக்குள் ஆளாளுக்குப் பால்கோவா ஊட்டினீர்கள். ஊட்டின கையோடு வெளியே நிற்கிறவர்களுக்குக் கண்ணாடி வழியே டாட்டா. கண்ணாடி முழுக்க நெய் விரல். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நீ உன் பட்டு வேட்டி நுனியால் தேய்த்தாய். ஐந்து விரல் தடம் போய் ஒரு முழுக் கண்ணாடிப் பிசுக்கு ஆயிற்று. நித்யாவின் அண்ணன் தினசரிப் பேப்பரைக் கசக்கிக் கொடுத்தார், நெய்யோடு மையும் சேர்ந்தது. மாப்பிள்ளையும் மச்சானும் வேர்க்க விறுவிறுக்கத் தேய்த்துவிட்டு, கண்ணாடியே மட்டமான கண்ணாடி என்று தீர்ப்புச் சொன்னீர்கள். அன்றைக்கே உன் தலையில் ஒரு குட்டு வைத்துக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். மாலையும் கழுத்துமாக நிற்கிறானே என்று விட்டுவிட்டேன். தாய்மார்கள் கடிதத்தில் தங்கள் தப்பையும் ஒன்று ஒப்புக்கொள்வது வழக்கமாம். இதை எழுதிக்கொள்.

இப்போது கேள், ஒரு தடவைதான் சொல்லுவேன். வண்டியை நிழலில் நிறுத்து, கண்ணாடி தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் துடைத்தால் நீ துடைப்பதற்குள் தண்ணீர் காய்ந்து தடத்தைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டுப் போகும். நாலு கதவையும் திற. டேஷ்போர்டில் தூசி இருந்தால் அதை முதலில் வெறும் ஈரத்துணியால் எடுத்துவிடு, கண்ணாடி கடைசி. பாலிஷ் வேண்டாம், டேஷ்போர்டு மின்னினால் அந்த மினுக்கமே வெயிலில் கண்ணாடியில் ஏறி நிற்கும். மொசுமொசுத் துண்டை நாய்க்குப் போர்த்து. துணிக்கு நம் ஊர்க்காரன் கடை கடையாகத் தேட வேண்டியதில்லை. சத்திரப்பட்டியில் தறியிலிருந்து வெளுத்து வருகிற கட்டுத்துணி இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்கு வருவது, கஞ்சி இல்லாதது, தண்ணீரை உறிஞ்சுவது, அதைவிட நல்ல துணி கண்ணாடிக்குக் கிடையாது. முதலில் நாலைந்து தடவை வெறும் வெந்நீரில் அலசிவிடு, பிசிறு போய்விடும். பிள்ளையிலே அந்தத் துணியில்தான் உன்னைப் புரட்டி எடுத்தேன், அதன் பெருமை உனக்குத் தெரியவில்லை.

புண் சுத்தம் செய்வதற்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்துக்குப் போக வேண்டும், ஒருபோதும் திரும்பி வரக் கூடாது. ஒரு தடவை இழுத்த பஞ்சை மறுபடி வைக்கக் கூடாது. கண்ணாடியும் அப்படித்தான். ஸ்பிரிட்டில் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனை, கண்ணாடியில் பீய்ச்சாதே, துணியில். மேலிருந்து கீழே நேராக ஒரே இழுப்பு. துணியை மடித்துப் புது முகத்தைத் திருப்பு, பக்கத்தில் அடுத்த இழுப்பு. வட்டம் போடாதே. வட்டம் போடுகிறவன் எடுத்த அழுக்கையே திரும்பக் கொண்டுவந்து வைக்கிறான். ஈரம் காய்வதற்குள் இரண்டாவது துணி, காய்ந்தது, அதே மாதிரி. வெளிப்பக்கத்தைக் குறுக்கே துடை, உள்பக்கத்தை நெடுக்கே துடை. பிறகு ஒரு கோடு தெரிந்தால் அது உள்ளேயா வெளியேயா என்று கோடே சொல்லும், யார் கண்ணையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது. கீழே டேஷ்போர்டும் கண்ணாடியும் சேருகிற இடுக்கில் கை போகாது. அங்கே உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி விரலின் முதுகில் துணியை வைத்துத் தள்ளு. டிரைவர் பக்கத்து மூலையை இடப்பக்கம் உட்கார்ந்து எட்டித் துடை, ஸ்டீயரிங் மறிக்காது. பக்கத்துக் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு மேல் விளிம்பைத் துடை, அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். அம்புட்டுத்தான். இதற்கு வீடியோ எதற்கு?

இவ்வளவு ஏளனம் தேவையா என்று உன் அத்தை இப்போது கீழே எழுதத் தொடங்கியிருப்பாள். தேவைதான். நீ கெட்டவன் இல்லை, அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துதான் செய்தாய், அதுவும் தெரியும். அன்று ராத்திரி நீ இரண்டு தடவை எழுந்து வந்து நான் தூங்குகிறேனா என்று பார்த்தாய், நான் விழித்துத்தான் இருந்தேன். ஆனால் பயந்தவன் முதலில் கையைப் பார்க்க வேண்டும், தன் கையை. நீ பார்த்தது என் வயசை. காது கேட்கவில்லை என்றால் வயசு, கால் வலித்தால் வயசு, மாடு தெரியவில்லை என்றால் வயசு. வார்டில் சின்ன டாக்டர்கள் இப்படித்தான். நோயாளிக்கு என்ன என்று தெரியவில்லையா, வயசாயிட்டு என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தச் சோம்பேறித்தனத்தை நான் அங்கேயே பொறுத்ததில்லை, என் வீட்டில் என் வயிற்றில் பிறந்தவனிடமா பொறுப்பேன்? நாளைக்கு நித்யா ஒன்று தெரியவில்லை என்பாள், உனக்குப் பிறக்கிற பிள்ளை ஒன்று புரியவில்லை என்று அழும். அவர்களிடம் குறை தேடுவதற்கு முன்னால் நடுவில் இருக்கிற கண்ணாடியைத் துடைத்தவன் யார் என்று கேள்.

ஞாயிற்றுக்கிழமை வா. வாங்குகிறவரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் வந்துதான் தீருவேன் என்றால் அவரும் வந்து பின் சீட்டில் ஏறட்டும். ராஜபாளையம் வரைக்கும் டிக்கெட் எடுக்காதே, மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கு. நான் உச்சிவேளையிலேயே வண்டியோடு வந்து கிளினிக்கில் இருப்பேன். டாக்டரிடம் கண்ணாஸ்பத்திரிச் சீட்டைக் காட்டியாயிற்று, கம்பவுண்டரிடமும் காட்டியாயிற்று. அந்த மம்சாபுரத்துப் பெண் தன் பிள்ளைக்கு மறு ஊசி போட வந்தால் அவளிடமும் காட்டுவேன், அதில் எனக்குக் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. சித்தப்பாவுக்குத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை, இதை இந்நேரம் அவரே வாய்விட்டு வாசித்துக்கொண்டிருப்பார்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏறிய பிறகு திகைக்காதே. முன்கண்ணாடியில் டிரைவர் பக்கத்தையும் நடுவையும் நான் துடைத்துவிட்டேன். இடப்பக்கம், நீ உட்காருகிற இடத்துக்கு நேரே, நீ துடைத்தது துடைத்தபடியே இருக்கிறது. ஒரு வட்டத்தைக்கூட நான் தொடவில்லை. மம்சாபுரம் விலக்குக்குப் பக்கத்தில், நாம் உரசின மைல்கல்லுக்கு முன்னால் ஓரமாக நிறுத்துவேன். அந்த நேரத்துக்குச் சூரியன் மலைக்கு மேலே ஒரு முழம் நிற்கும். போனைக் கீழே வைத்துவிட்டு எதிரே பார். ரோட்டில் என்ன நிற்கிறது, என்ன வருகிறது என்று உன் பாதி வழியாகப் பார்த்து எனக்குச் சொல். நான் என் பாதி வழியாகப் பார்த்து, நீ சொல்வது சரியா என்று சொல்கிறேன். உன்னால் சொல்ல முடிந்தால் வண்டியை அங்கேயே விற்றுக்கொள், ஆர்.சி. புத்தகம் என் பையில் இருக்கும்.

சொல்ல முடியாவிட்டால், உனக்கு முன்னால் இருக்கிற சின்னப் பெட்டியைத் திற. இரண்டு கட்டுத்துணியும் ஸ்பிரிட் கலந்த தண்ணீரும் இருக்கும், துணியை அலசிக் காயவைத்து மடித்திருக்கிறேன். உடனே எடுத்துத் தேய்க்காதே, வெயிலில் துடைக்கக் கூடாது என்று மேலே சொல்லியிருக்கிறேன். சூரியன் இறங்கும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, நீ இப்போதெல்லாம் என்னோடு அவ்வளவு நேரம் சும்மா உட்காருவதே இல்லை. கண்ணாடி குளிர்ந்ததும் துடை, மேலிருந்து கீழே. அப்புறம் என் சாவியை உன் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடு. வீடுவரைக்கும் நான் ஓட்டுகிறேன்.